சுமையாவைக் கண்ணால் பார்த்தவர்கள்

இன்று காலை மல்லித்தழை வாங்கக் கீழே இறங்கினேன், லாத்தா. ஷார்ஜா முவைலாவில் நாங்கள் இருக்கும் கட்டிடத்துக்கு அடியில் ஒரு சலவைக்கடை இருக்கிறது. கடைக்காரர் போனில் பேசிக்கொண்டே இஸ்திரிப்பெட்டியை யாருடைய சட்டை மேலோ விட்டுவிட்டார் போல. கருகிய துணி வாசனை தெருவரைக்கும் வந்து நின்றது. நான் மல்லித்தழை வாங்காமலே மேலே ஏறி வந்துவிட்டேன். மருமகள் "கடை பூட்டியிருக்கா மாமி?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் பேத்தியின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். அதில்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் கண்ணை மூடி, மௌத்தாகி, இன்றோடு இருபத்தாறு நாள். ஊரிலிருந்து போன் வந்தபோது இன்னா லில்லாஹி சொன்னேன், யாஸீன் ஓதினேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது, ஒருவர் மேல் இல்லை. வரிசையாக இருக்கிறார்கள், அந்த வரிசையில் நானும் இருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியதை மட்டும் இந்தத் தடவை பிழையில்லாமல் சொல்லப் பார்க்கிறேன்.

துபாய் சத்வாவில் தையல்கடைத் தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டை எப்படி மறக்க முடியும்? அரபி வீடாக இருந்தால் பாஷை தெரியாமல் கஷ்டப்படுவாய், இது நம்ம ஊர்க்காரர் வீடு, நம்ம சோறு, நம்ம தொழுகை, கூடப்பிறந்தவள் வீட்டில் இருப்பது மாதிரி இருக்கலாம் என்று சொல்லித்தானே என்னை ஏற்றி அனுப்பினார்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. என் வீட்டுக்காரர் மௌத்தாகி ஒரு வருஷம். ஒன்பது வயது மகனை என் உம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். நீங்கள் அந்த வீட்டில் அப்போதே ஆறு வருஷம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் எனக்கு லாத்தா. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் மகள், ஓதத் தெரிந்தவர். முதல் நாள் எனக்கு நீங்கள் சொல்லித்தந்தது அடுப்பைப் பற்றி இல்லை, வீட்டுக்கார அம்மாவைப் பற்றி. "ஹஜ்ஜும்மா சத்தம் போட்டா பயப்படாத புள்ள. சத்தம் போடாம நடந்து வந்தா கைல இருக்கிறதக் கீழ வச்சிரு" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த வீட்டு ஹாலில் பெண்கள் கூடுவார்கள். ஊரை விட்டு வந்த பெரிய வீட்டுப் பெண்கள் முப்பது பேராவது இருப்பார்கள். ஊதுபத்தி போதாது என்று கரியில் ஊது போடுவோம். மார்க்கம் படித்த ஓர் ஆலிம் வீட்டு அம்மா வந்து, நபிகள் நாயகத்தின் காலத்துச் சஹாபிப் பெண்களின் சரித்திரம் சொல்வார். நாம் அடுக்களையில் சமோசா பொரித்துக்கொண்டு, கதவை ஒரு சாண் திறந்து வைத்துக் கேட்போம். தட்டு எடுத்துப் போகும்போது மட்டும் உள்ளே போகலாம். உட்காரச் சொல்லி யாரும் சொன்னதில்லை. கூட்டம் கலைந்த பிறகு பாத்திரம் தேய்க்கும்போது, ஹாலில் விட்டுப்போனதை நீங்கள் சொல்வீர்கள். எனக்கு மார்க்கம் தெரிந்தது அந்தப் பாத்திரத் தொட்டியடியில்தான்.

சுமையா நாயகியைப் பற்றி உள்ளே சொன்ன அன்றைக்கும் அப்படித்தான். இஸ்லாத்துக்காக முதன்முதலாக உயிர் கொடுத்தவர் ஒரு பெண், அவர் பொறுமையின் மாணிக்கம், நாமும் வீட்டில் பொறுமையாக இருக்க வேண்டும் என்று சொல்லி துஆ ஓதி முடித்தார்கள். நீங்கள் பெரிய சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"அவங்க ஒரு வீட்ல வேலைக்குக் கிடந்த அடிமைப் பொம்பளை, புள்ள. பொறவு உரிமை விட்டாங்க. ஆனாலும் மக்கா ஊர்ல அவங்களுக்குன்னு கேக்க நாதியில்ல. அத முதல்ல நெனப்புல வச்சுக்க. பெரிய வீட்டுப் பொம்பளை இல்ல."

பிறகு முழுவதும் சொன்னீர்கள். வயதான பெண். கணவர் யாசிர், மகன் அம்மார். மூன்று பேரையும் உச்சி வெயிலில் கொண்டுபோய் மணலில் போட்டது, இரும்புச் சட்டையை மாட்டிவிட்டு வெயிலில் காயவிட்டது, அந்த வழியாக வந்த நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பார்த்துக் கலங்கி, யாசிரின் குடும்பத்தாரே பொறுமையாயிருங்கள், உங்களுக்குச் சொர்க்கம் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னது. அவர்களை வதைத்த மக்காத் தலைவன் அபூஜஹ்லுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. தன் வாயால் இஸ்லாத்தை மறுத்துச் சொன்னால் போதும், அவிழ்த்துவிடுவான். அந்தக் கிழவி சொல்லவில்லை. ஈட்டியால் குத்திக் கொன்றான்.

"உள்ள பொறுமைன்னு சொல்லி முடிச்சிட்டாங்க" என்றீர்கள். "பொறுமைன்னா வாயப் பொத்திக்கிட்டு இருக்கிறதா? வாயப் பொத்திக்கிட்டு இருந்தா அந்தக் கிழவிய எதுக்குக் கொல்லப் போறான்?"

இந்த ஒரு கேள்விக்காகவே உங்களை ஹாலில் உட்கார வைத்திருக்க வேண்டும். தட்டுக் கழுவ வைத்தார்கள்.

நான் மகனைப் பற்றிக் கேட்டேன். அம்மார் என்ன ஆனார்? அடி தாங்காமல் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார் என்றீர்கள். சொல்லிவிட்டு அழுதுகொண்டே நாயகத்திடம் ஓடினார். உள்ளம் எப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். ஈமானில் உறுதியாக இருக்கிறது என்றார். அப்படியென்றால் குற்றமில்லை, மறுபடியும் வற்புறுத்தினால் மறுபடியும் சொல்லிக்கொள் என்று தேற்றினார்கள். லாத்தா, உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பகுதிதான் மனசுக்குள் ஒட்டிக்கொண்டது. ஒன்பது வயதுப் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தவளுக்குத் தாயின் கதையைவிட மகனின் கதை வசதியாக இருந்தது.

ரிஹானாவை இதைப் படிப்பவர்களுக்குத் தெரியாது. அந்த வீட்டில் மூன்றாவது ஆள் அவள். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம், பத்தொன்பது வயது. துணி துவைப்பதும் தேய்ப்பதும் அவள் வேலை. ஹஜ்ஜும்மா சத்வாவிலேயே ஒரு தையல்காரரிடம் ஓரத்தில் பட்டு வைத்து அபாயா அங்கி தைத்திருந்தார். வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போட வேண்டும். பட்டுக்குச் சூட்டைக் குறைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. கை அகலத்துக்குக் கருகிவிட்டது. நீங்கள் நடையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஹஜ்ஜும்மா சத்தம் போடாமல்தான் நடந்து வந்தார். அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். வாங்கி, அவள் முழங்கைக்குக் கீழே வைத்து அழுத்தினார்.

"சூடு எவ்வளவு இருக்கும்னு இப்பத் தெரியுதா?"

அவ்வளவுதான் சொன்னார். பெட்டியை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நீங்கள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினீர்கள். நான் வெங்காயத்தோடு நின்றேன். அஸருக்குப் பிறகு கூட்டம் வழக்கம்போல நடந்தது. வேறொரு அபாயா போட்டுக்கொண்டார். சமோசா எண்பது பொரித்தோம். ஒன்றுகூடக் கருகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நாலு நாளில் புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. ஹஜ்ஜியார், அதாவது ஹஜ்ஜும்மாவின் வீட்டுக்காரர், அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். துணைக்கு உங்களை அனுப்பினார். அங்கே கட்டுப்போட்ட நர்ஸம்மா நம்ம கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம், கழுத்தில் சிலுவை. என்ன ஆச்சு என்று கேட்டார். கைதவறி விழுந்தது என்றாள் ரிஹானா. "விழுந்த பெட்டி இப்பிடி முழு அச்சா விழாது மக்களே. இது வச்சது" என்று அந்த நர்ஸ் சொன்னதை நீங்கள் வந்து சொன்னீர்கள். அந்த அம்மா எழுதிக் கொடுத்ததால்தான் விசாரணைக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்தது. முன்பின் தெரியாத ஒரு கிறிஸ்தவப் பெண் செய்தாள். ஒரே மார்க்கத்தில் பிறந்து, ஒரே வீட்டில் அவளோடு இருந்த நான் என்ன செய்தேன்?

ஹஜ்ஜியார் நம் மூவரையும் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமல் நிற்கவைத்துப் பேசினார். கோபமாகப் பேசவில்லை. கைதவறி விழுந்தது என்று சொல்லுங்கள், வீட்டு மானம் மட்டும் இல்லை, நம்ம ஊர் மானம், நம்ம மார்க்கத்து மானம் என்றார். விசா எல்லாம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் நினைவுபடுத்தினார். மார்க்கத்து மானம் ஒரு நாதியற்ற பிள்ளையின் கையில் இருக்கிறது என்பதை இஸ்திரிப்பெட்டி வைத்தபோது யாரும் சொல்லவில்லை.

ரிஹானா நம்மிடம் கெஞ்சினாள். "நாந்தான் போட்டுக்கிட்டன் எண்டு சொல்றன் லாத்தா. என்னை அனுப்பிப் போட்டா உம்மாவ ஆரு பாக்கிற?" என்று அழுதாள். மறுநாள் காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது நான் உங்களிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அவளே அப்படிச் சொல்லும்போது நமக்கென்ன, வாயால் ஒரு வார்த்தைதானே, மனசில் உள்ளது அல்லாஹ்வுக்குத் தெரியாதா, அம்மாரும் சொல்லத்தானே செய்தார் என்றேன். பெரிய ஆதாரத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி சொன்னேன்.

நீங்கள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தீர்கள்.

"அம்மாரு தன் முதுகுல விழுந்த அடிக்குச் சொன்னாரு. அடுத்தவ கைல விழுந்த சூட்டுக்குச் சொல்லல. ரெண்டும் ஒண்ணா, புள்ள?"

நான் வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து உதறினேன்.

விசாரணைக்கு ஒரு போலீஸ் அம்மாவும், நம் பேச்சை அரபியில் சொல்ல ஒருவரும் வந்தார்கள். ஹாலில், வியாழக்கிழமை கம்பளம் விரிக்கும் அதே இடத்தில், நம்மை முதன்முதலாக சோபாவில் உட்காரவைத்தார்கள். ரிஹானா கைதவறி விழுந்தது என்றாள். நான் கைதவறி விழுந்தது என்றேன். நீங்கள் எழுந்து நின்றீர்கள். "இவங்கதான் வச்சாங்க. நான் பார்த்தேன். இவளும் பார்த்தா" என்று என்னைக் காட்டினீர்கள். போலீஸ் அம்மா என் பக்கம் திரும்பி மறுபடியும் கேட்டார். அடிக்கிற மாதிரி கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். உள்ளதைச் சொல்ல எனக்கு இரண்டாவது தடவை வாசல் திறந்திருந்தது.

நான் பார்க்கவில்லை என்றேன். அதோடு நிறுத்தவில்லை. லாத்தாவுக்கு ஹஜ்ஜும்மா மேல் ரொம்ப நாளாகக் கோபம், அதனால் இப்படிச் சொல்கிறார் என்றேன்.

அந்த இரண்டாவது வார்த்தையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, லாத்தா. ஹஜ்ஜியார்கூடக் கேட்கவில்லை. அது என் சொந்தச் சரக்கு. முதல் வார்த்தைக்குப் பயத்தைச் சாக்குச் சொல்லலாம். இதற்கு எதைச் சொல்வேன்? நீங்கள் என்னைப் பார்த்துக்கூடத் திரும்பவில்லை. உட்கார்ந்துவிட்டீர்கள்.

மூன்றாம் நாள் உங்களை விமானம் ஏற்றினார்கள். திரும்ப வர முடியாதபடி செய்து அனுப்பினார்கள். போகும்போது வாசலில் நின்று, "மகனுக்குக் காயிதம் போடு. மறந்துறாத" என்றீர்கள். அவ்வளவுதான். ரிஹானாவையும் ஆறு மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். அவள் பொய் சொன்னதும் அவளுக்கு உதவவில்லை. நான் மட்டும் அந்த வீட்டில் இன்னும் பதினோரு வருஷம் இருந்தேன். வியாழக்கிழமைகளில் சமோசா பொரித்தேன். கதவை முழுக்கச் சாத்திவிட்டுப் பொரித்தேன்.

ஊரில் உங்களுக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பெரிய வீட்டு மேல் பொய்ச்சாட்சி சொன்னவள் என்று ஒரு பட்டம். கல்யாண வீடுகளில் நெய்ச்சோறு ஆக்கக் கூப்பிட்டவர்கள் கூப்பிடாமல் போனார்கள். வீட்டில் வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தீர்கள். ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தினார்கள். உள்ளது என்னவென்று அந்த ஊரில் ஒருவர்கூட உங்களிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை அல்லவா, கூட இருந்த நானே சொல்லிவிட்டேனே.

லீவில் வந்தபோது ஒரு தடவை உங்கள் வீட்டுக்கு வந்தேன். திட்டுவீர்கள் என்று தயாராக வந்தேன். சுக்குக் காப்பி கொடுத்தீர்கள். மகன் எத்தனாவது படிக்கிறான் என்று கேட்டீர்கள். கணக்கில் நல்ல மார்க் என்றேன், கையேந்தி துஆ செய்தீர்கள். எனக்கு உங்கள் மேலும் கோபம் உண்டு, லாத்தா. ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? ஓர் அறை விட்டிருந்தால் அன்றைக்கே அழுது உள்ளதை ஊருக்குச் சொல்லியிருப்பேனோ என்னவோ. சும்மா சொல்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். மகன் பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

அந்த மகனுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. ஜெபல் அலியில் பெரிய குடோனுக்கு மேனேஜர். ஹஜ்ஜும்மாவின் பிள்ளைகள் நடத்தும் கம்பெனிதான். என்னை யாராவது விசாரித்தால், "உம்மா முன்னாடி ஹஜ்ஜும்மா வீட்ல துணைக்கு இருந்தாங்க" என்பான். துணைக்காம். நான் சமையல்காரி. பதினாலு வருஷம் அந்த அடுக்களையில் நின்று, என் கையால் ஆக்கி, ஒருத்தனை ஆளாக்கியிருக்கிறேன். எதற்குக் கூச வேண்டும்? நான் கூச வேண்டியது வேறொன்றுக்கு. அது அவனுக்குத் தெரியாது.

ஹஜ்ஜும்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஷார்ஜாவில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். வியாழக்கிழமைக் கூட்டம் இன்னும் நடக்கிறது. முழங்கால் வலி என்று சொல்லி நான் போவதில்லை. போன மாதம் பேத்தி பேச வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு வயது, வீட்டில் இங்கிலீஷ்தான், ஆனாலும் தமிழில் பேசுகிறேன் என்று பிடிவாதமாக எழுதிப் படித்தாள். தலைப்பு சுமையா நாயகி. பெருமையில் எனக்கு முழங்கால் வலி மறந்துவிட்டது. உங்கள் மௌத் செய்தி வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. உங்களுக்காகவும் கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன்.

பிள்ளை நன்றாகத்தான் பேசினாள். சுமையா நாயகி ஓர் அடிமைப் பெண் என்று ஆரம்பித்ததும், சாய்நாற்காலியில் இருந்த ஹஜ்ஜும்மா கையைத் தூக்கினார்.

"அடிமைன்னு சொல்லாதம்மா. பணிப்பெண்ணுன்னு சொல்லு. கேக்க அழகா இருக்கும்."

"புக்ல அடிமைன்னுதான் இருக்கு பெத்தா" என்றாள் பேத்தி; வயதானவர்களைப் பெத்தா என்றுதான் அவளுக்குப் பழக்கம். பெண்கள் சிரித்தார்கள். ஹஜ்ஜும்மாவும் சிரித்தார்.

பேச்சு முடிந்ததும் ஹஜ்ஜும்மா துஆவுக்குக் கையேந்தச் சொன்னார். ஏந்தும்போது உங்கள் பேச்சை எடுத்தார். எங்க வீட்டில் வேலை செய்த ஒருத்தி ஊரில் மௌத்தாகிவிட்டாள், நல்லா ஓதுவாள், ஆனால் எங்கள் மேல் பொய்ச்சாட்சி சொன்ன பாவத்தைச் சுமந்துகொண்டு போய்விட்டாள், நான் அவளை மன்னித்துவிட்டேன், அல்லாஹ்வும் மன்னிக்கட்டும் என்று எல்லாரும் ஆமீன் சொல்லுங்கள் என்றார். நாற்பது பெண்கள் ஆமீன் சொன்னார்கள். என் மருமகள் சொன்னாள். என் பேத்தியும் சொன்னாள். உங்களைப் பொய்க்காரி என்று என் ரத்தத்தின் வாயால் சொல்ல வைத்துவிட்டார்கள்.

எழுந்து நின்றேன்.

"அவங்க பொய் சொல்லல ஹஜ்ஜும்மா. பொய் சொன்னது நான். பெட்டிய வச்சு அழுத்துனது நீங்க. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு நின்னு பார்த்தேன்."

நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க எனக்குத் துணிச்சல் இருக்காது என்று தெரியும். அதனால் அவர்களைப் பார்த்துக் கேட்டேன். "சுமையா நாயகியக் குத்துனப்போ சுத்தி நின்னு பார்த்தவங்க எல்லாம் என்னைய மாதிரி, கிழவி தானா விழுந்து செத்தான்னு சொல்லிட்டுப் போயிருந்தா, இன்னிக்கு நீங்க இங்க யாரப் பத்திப் பேசுவீங்க? பார்த்தவங்க சொன்னதுனாலதான அவங்க பேரு இங்க வரைக்கும் வந்துச்சு?"

ஹஜ்ஜும்மா தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தவில்லை. "வயசாயிருச்சு அவளுக்கு. என்னென்னவோ மாத்திரை சாப்பிடுறா" என்றார். மருமகள் வந்து என் கையைப் பிடித்தாள், அணைப்பாக இல்லை. வெளியே வரும் வழியில் சமோசாத் தட்டோடு ஒரு பெண் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இந்தோனேசியாப் பெண்ணாக இருக்க வேண்டும். பாஷை தெரியாது, ஆனாலும் வழிவிட்டு ஒதுங்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

காரில் பேத்திதான் முதலில் வாயைத் திறந்தாள். "வாப்பும்மா, நீங்க மெய்டா இருந்தீங்களா?"

"ஆமா. சமையல்."

"அந்தப் பெத்தா நெஜமா சுட்டாங்களா?"

ஆமாம் என்றேன். மருமகள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மகன் டூட்டி முடிந்து நேராக என் அறைக்கு வந்தான். ஹஜ்ஜும்மாவின் மூத்த மகன் கூப்பிட்டுப் பேசினாராம். மரியாதையாகத்தான் பேசினாராம். அடுத்த வியாழக்கிழமை உம்மா வந்து, வயசில் தடுமாறிப் பேசிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கலாஸ், அதோடு முடிந்தது, யார் மனசிலும் ஒன்றும் இருக்காது என்றாராம்.

"வாயால ஒரு வார்த்தைதானேம்மா. மனசுல என்ன இருக்குன்னு அல்லாஹ்வுக்குத் தெரியாதா?"

மொட்டைமாடியில் நான் சொன்னது, லாத்தா. ஓர் எழுத்து மாறவில்லை. இதை அவனுக்கு யார் சொல்லித்தந்தார்கள்? நான்தான் பாலோடு கொடுத்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை.

"அந்த ஒரு வார்த்தைய ஒரு தடவ சொல்லித்தான் உன்னைப் படிக்க வச்சேன். இன்னொரு தடவ சொல்ல மாட்டேன் வாப்பா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அபாயா, பெட்டி, நர்ஸ், சோபா, நான் சொன்ன முதல் வார்த்தை, யாரும் கேட்காமல் சொன்ன இரண்டாவது வார்த்தை. அவன் கட்டிலில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்தப் பொண்ணு கை அப்புறம் என்னாச்சும்மா?"

தெரியவில்லை. முப்பத்தோரு வருஷமாக நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அதையும் உங்களிடம் கேட்காமல் விட்டேன், சுக்குக் காப்பி குடித்துவிட்டு வந்தேன். ரிஹானாவுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும், உயிரோடு இருந்தால். பேத்தி போனில் தேடித் தருகிறேன் என்கிறாள். அந்தப் பெயரில் மட்டக்களப்பில் ஆயிரம் பேர் இருப்பார்கள். தேடட்டும்.

அந்த வியாழக்கிழமை நான் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. மகன் மறுபடி கேட்கவில்லை. தினமும் காலையில் டூட்டிக்குப் போகிறான். எந்த நாளில் வர வேண்டாம் என்பார்கள் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மருமகள் என்னோடு வேண்டியதற்கு மட்டும் பேசுகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகள், ஸ்கூல், வீட்டு வாடகை என்று அவளுக்குப் பயம். அந்தப் பயம் எனக்குப் புதிது இல்லை. இப்போதும் இருக்கிறது. ராஹத்தாக, நிம்மதியாக இருக்கிறேன் என்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன். இத்தனை காலமும் அம்மாரின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன், அது மட்டும் முடிந்தது. அவரை இனி நான் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. உங்கள் பெயர் மேல் நான் போட்ட கறுப்பை நான்தான் தேய்க்க வேண்டும், ஒவ்வொரு வீடாக, இருக்கிற நாள் வரைக்கும்.

நேற்று லுஹர் தொழுகைக்கு முன்னால் லிஃப்டில் நான்காம் மாடிக்காரி ஒருத்தி ஏறினாள். கும்பகோணம் பக்கம், அந்தக் கூட்டத்துக்கு வருபவள். அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து ஆமீன் சொன்னவள். கதவு மூடியதும் என் பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னது நெசமா மாமி? இல்ல, அவங்க சொன்ன மாதிரி மாத்திரையா?"

"உனக்கு முழுசாக் கேக்கணுமா, பாதியாக் கேக்கணுமா?" என்றேன்.

நான்காம் மாடியில் லிஃப்ட் நின்றது, கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை. மூட வந்த கதவைக் கையால் பிடித்து நிறுத்தினாள். லிஃப்ட் கூவ ஆரம்பித்தது.

சொன்னேன், லாத்தா. உங்கள் முழுப் பெயரையும், உங்கள் வாப்பா பெயரையும் சொல்லிவிட்டு, அந்த அபாயாவிலிருந்து ஆரம்பித்தேன்.